அசலும் படியும் போலியும்

போலி என்னும் சொல்லை உலக வழக்கு ஒரு பொருளில் ஆள்கின்றது. இலக்கணம் வேறொரு பொருளில் ஆள்கின்றது. கடைத்தெருவிலே போலி என்றால் ஏமாற்று. போலி நாணயம், போலி மருந்து, போலிச் சாமியார் என்று கேட்ட அளவிலேயே நம் முகம் சுளிக்கின்றது. நன்னூலாரோ அச்சொல்லுக்கு மதிப்பானதோர் இருக்கை தந்துள்ளார். நிலம் என்பது நிலன் என வரினும், அரசு என்பது அரைசு என வரினும், மயல் என்பது மையல் என வரினும் பொருள் வேறுபடுவதில்லை. ஓர் எழுத்து நின்ற இடத்திலே மற்றோர் எழுத்து வந்து நின்று, அதன் தொழிலைக் குறைவறச் செய்கின்றது. அதனையே இலக்கணம் போலி என்றது. அங்கே வஞ்சனை இல்லை. ஒளிவு மறைவு இல்லை. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நிலம் நிலனாகும், வட்டம் வட்டனாகாது. எங்கே மாறலாம், எங்கே மாறலாகாது என்பதை வரையறுத்தல் இலக்கணத்தின் கடமையாயிற்று.

இவ்விருவகைப் போலியையும் ஒருங்கு வைத்து எண்ணுமாறு என்னைத் தூண்டியது இலக்கண வகுப்பன்று, மோட்டார்ப் பந்தயம். தமிழ்ப் பண்டிதனுக்கு மோட்டார்ப் பந்தயத்தில் என்ன அலுவல் என்று வாசகர் நகைத்தல் கூடும். நான் வாழும் ஊர் பெரகல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலையிலிருந்து, அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் ஏறும் சாலை பிரியும் சந்தி அது. இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்காத வண்டி இல்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டாலோ, வண்டியின் உருவம் தெரியுமுன் அதன் ஓசைதான் தெரியும். அவ்வோசையைக் கேட்டே இது இன்ன வண்டி என்று சொல்லிவிடும் மாணவர் என் வகுப்பில் உண்டு. அசைபிரிக்கத் தடுமாறும் அதே பிள்ளைகள் இயந்திரத்தின் சந்தத்தை வழுவின்றிப் பிரித்துணர்கின்றனர்.

மேலே தியத்தலாவையில் ஒரு குன்று இருக்கின்றது. ஃபொக்ஸ் என்னும் பெயர் கொண்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் 1913ஆம் ஆண்டில் அக்குன்றின் சரிவிலே வெண்கற்களை அடுக்கி ஒரு நரியின் உருவத்தை அமைத்தனர். அதனால் அது நரிக்குன்று எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அதன் அடிவாரம் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டியோ 1930களிலேயே பிறந்தது. ஆகவே மலைநாட்டுப் பிள்ளைக்குப் பந்தயம் என்பது தொலைதூரத்துச் செய்தியன்று. அடுத்த மலையில் கேட்கும் இரைச்சல்.

அத்தகைய மாணவன் ஒருவன், ஏட்டுச்சுவடிகளைப் பற்றி நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து, “ஐயா, பழைய காருக்கென்று வெளிநாட்டில் நடத்தும் ரேசில், இப்போது புதிதாகச் செய்த நகல் காரும் ஓடுகிறதாமே, அது சரியா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கோ அது பாடத்துக்குப் புறம்பான வினாவாகப் படவில்லை. மூலம் எது, படி எது, இடைச்செருகல் எது என்று நான் அதுகாறும் விரித்துக்கொண்டிருந்த பொருளையே அவன் நான்கு சக்கரங்களின்மேல் ஏற்றிக் கேட்டான். அவ்வினாவை ஆராய்ந்து கண்டவற்றை இங்கே தருகின்றேன்.

வழக்கின் இயல்பு

பழைய வண்டிகளின் பந்தயம் என்பது, புதிய வண்டிகள் ஓடும் களத்திலே பழையவற்றுக்கும் இரக்கத்தோடு ஓரிடம் தருவதன்று. அது தனியொரு கலையாகவே வளர்ந்துள்ளது. பழைய விளையாட்டு வண்டிகளுக்கான சங்கம் ஒன்று இங்கிலாந்தில் 1934ஆம் ஆண்டில் தோன்றிற்று. 1930ஆம் ஆண்டின் இறுதிக்குள் செய்யப்பட்ட வண்டிகளையே அது பழமை வண்டி என்னும் பெயரால் வழங்குகின்றது. அனைத்துலக மோட்டார்ச் சம்மேளனம் இன்னும் நுணுக்கமாகக் காலத்தைப் பகுத்துள்ளது. 1904 வரை ஒரு பருவம், 1905 முதல் 1918 வரை ஒரு பருவம், 1919 முதல் 1930 வரை ஒரு பருவம், 1931 முதல் 1946 வரை ஒரு பருவம் என்று அப்பகுப்பு நீண்டு செல்கின்றது. சங்ககாலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம் என நாம் இலக்கியத்தைப் பகுத்துக்கொள்வது போன்றதே இது.

பகுத்த அளவிலே வழக்குத் தொடங்கிவிடுகின்றது. பழைய பந்தய வண்டிகள் எண்ணிக்கையிற் குறைவு. பல விபத்தில் அழிந்தன. பல பழைய இரும்பாகப் போயின. எஞ்சியவை பொன்னினும் விலையேறிப் பெட்டகத்துள் புகுந்தன. ஆதலால் பழைய வரைபடங்களைக் கொண்டு, பழைய அளவுப்படியே புதிய வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டனர். அவையே நகல் வண்டிகள். ஒஸ்டின் ஏழு என்னும் சின்னஞ்சிறு வண்டி 1922 முதல் 1939 வரை செய்யப்பட்டது. அதிலே அல்ஸ்டர் என்னும் பந்தய வகை மிகச் சில. இன்று அல்ஸ்டர் என்று பெயர் சொல்லி ஓடுவனவற்றுள், எளிய ஒஸ்டின் ஏழின் சட்டகத்தின்மேல் புதிய மேனி போர்த்தியவை பல.

நகல் ஓடலாகாது என்பார் கூறும் காரணங்கள் எளியவையல்ல. முதலாவது, நியாயம். அசலின் இரும்பு நூறாண்டு களைத்த இரும்பு. நகலின் இரும்பு நேற்று உருக்கியது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இயந்திரத்தின் உள்ளே இன்றைய உலோகமும் இன்றைய நுண்மையும் புகுந்துவிடுகின்றன. இரண்டாவது, அச்சம். கோடிக்கணக்கில் விலை பெறும் அசல் வண்டியை உடையவன் வளைவிலே அஞ்சி ஓட்டுவான். உடைந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம் என்னும் துணிவுடைய நகலாளன் முட்டி மோதி முந்துவான். மூன்றாவது, வஞ்சம். இன்று நகலென்று சொல்லி விற்றது, மூன்று கை மாறியபின் அசலென்று பேசப்படும். ஒரே வண்டியின் சட்டகம் ஒருவரிடமும் இயந்திரம் மற்றொருவரிடமும் போய்ச்சேர, இருவரும் எஞ்சியதைப் புதிதாகச் செய்து நிரப்பிக்கொண்டு, ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டிகளைக் காட்டி வழக்காடுவதும் உண்டு.

ஓடலாம் என்பார் கூறுவதும் கேட்கத்தக்கதே. ஓடினால் அசல் தேயும். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பழைய உறுப்புக் கழன்று புதிய உறுப்பு ஏறும். ஓடாவிட்டாலோ அது வண்டியன்று, பொம்மை. அசலைக் காக்கவும் வேண்டும், அதன் ஓட்டத்தை அடுத்த தலைமுறை காணவும் வேண்டும் என்றால், நகலைத் தவிர வேறு வழி யாது?

நீதிமன்றத்தில் ஒரு பென்ட்லி

இவ்வழக்கு ஒருமுறை இலண்டன் உயர்நீதிமன்றம் வரை சென்றது. பழைய முதலாம் இலக்கம் என்று பெயர் பெற்ற பென்ட்லி வண்டி ஒன்று உண்டு. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணிநேரம் ஓடும் பந்தயத்தில் 1929ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்து வென்ற வண்டி அது. பின்னர் அதற்கு எட்டு லீற்றர் இயந்திரம் பூட்டி மாற்றியமைத்தனர். 1932ஆம் ஆண்டில் புரூக்லண்ட்ஸ் களத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் மாண்டார். அதன்பின் வேறொரு மேனி போர்த்தது. இன்னும் பல கைகளுக்குச் சென்றது. இறுதியில் அதனை ஒரு நிறுவனம் ஒரு கோடிப் பவுணுக்கு வாங்க உடன்பட்டு, பின்பு ‘இது அந்தப் பழைய வண்டி அன்று’ என்று மறுத்தது. உடையவர் வழக்குத் தொடுத்தார். 1990ஆம் ஆண்டில் நீதியரசர் ஒட்டன் தீர்ப்பளித்தார்.

லெ மானில் வென்றபோது இருந்த உறுப்புக்களில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பது விசாரணையிலே வெளிப்பட்டது. எனினும் தீர்ப்பு உடையவர் பக்கமே வந்தது. அவ்வண்டி ஒருநாளும் இல்லாமற் போய்ப் பின் புதிதாகப் பிறக்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்திய நிலையின் தொடர்ச்சியாகவே நிகழ்ந்தது. எந்த நாளிலே கேட்டிருந்தாலும் அதுவே அவ்வண்டி என்றுதான் அனைவரும் சொல்லியிருப்பர். ஆகவே அதனை நகலென்று தள்ளுதல் பொருந்தாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அசல் என்பது இரும்பிலே மட்டும் இல்லை, அறுபடாத வரலாற்றிலும் இருக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது.

இதனைக் கேட்டு வியப்போர்க்கு ஒன்று சொல்வேன்: நம்மவர்க்கு இது புதிதன்று. கோவில் தேரை எண்ணிப் பாருங்கள். அச்சு ஓராண்டு மாறும். சக்கரம் ஓராண்டு மாறும். பலகை உளுத்தால் தச்சன் புதிய பலகை பொருத்துவான். பாட்டன் இழுத்த தேரில் இன்று ஒரு பலகைதானும் எஞ்சியிருப்பது ஐயமே. ஆயினும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேரைப் பார்த்து ‘இது நகல்’ என்று சொன்னவர் ஒருவரும் இலர். திருவாரூர் ஆழித்தேரின் வரலாறு இன்னும் தெளிவு தரும். 1926ஆம் ஆண்டில் அத்தேர் தீக்கிரையாயிற்று. புதிய தேர் செய்து 1930ஆம் ஆண்டில் மீண்டும் ஓட்டினர். பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளியின் பாரத மிகுமின் தொழிற்சாலையார் அதற்கு இரும்புச் சக்கரமும் அச்சும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் அமைத்தனர். எரிந்தது ஒன்று, எழுந்தது ஒன்று. ஆனால் எரிந்ததை ஒருவரும் மறைக்கவில்லை. ஊரார் கண்முன்னே எரிந்து, ஊரார் கண்முன்னே எழுந்தது. ஆதலால் அங்கே வஞ்சனைக்கு இடமில்லை.

ஏடும் இரும்பும்

இனி நான் பயின்ற துறைக்கு வருகின்றேன். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். இவர்கள் கையிலே கிடைத்த ஏடுகளில் ஒன்றேனும் நூலாசிரியன் தன் கையால் எழுதியதன்று. பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவர். அது சிதையுமுன் இன்னொன்று எழுதுவர். நம்மிடம் உள்ளவை யாவும் படியின் படி. அதனால் சிந்தாமணி திருத்தக்கதேவருடையது அன்றென்று யாரேனும் சொல்வரோ?

அவ்வாறாயின் எல்லாப் படியும் ஏற்புடையனவோ எனின், அன்று. இன்னிலை என்னும் நூலின் கதையை மாணவர் அறிதல் வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாக அது இருபதாம் நூற்றாண்டில் வெளிப்போந்தது. வ. உ. சிதம்பரம்பிள்ளை அதனை நல்லெண்ணத்தோடே பதிப்பித்தார். பின்னர் ஆய்வாளர் பலர் நடையையும் சொல்லாட்சியையும் துருவி, அது பிற்காலத்தான் ஒருவன் கட்டி முன்னோர் பெயரை ஏற்றியது என்று தள்ளினர். அவ்வாறே கம்பன் காவியத்திலும் பிறர் பாடிச் செருகியவற்றை வெள்ளிப் பாடல்கள் எனப் பெயரிட்டு ஒதுக்கினர். ஒதுக்கியதற்குக் காரணம் அவை சுவையற்றவை என்பது மட்டுமன்று. தன் பெயரால் நின்றிருந்தால் அப்பாட்டும் ஒரு பாட்டாக மதிக்கப்பட்டிருக்கும். பிறன் பெயரைப் பூண்டு வந்தமையாற்றான் அது குற்றவாளியாயிற்று.

ஆகவே மூன்றைப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். அறுபடாது தொடர்ந்து வந்து, காலந்தோறும் செப்பனிடப்பட்டது அசல். அதனைப் பார்த்துச் செய்து, ‘யான் படி’ என்று தன் நெற்றியிலே எழுதிக்கொண்டு நிற்பது படி. அதே பொருளே அவ்வெழுத்தை அழித்துவிட்டு அசலின் பெயரைச் சூடிக்கொண்டால் போலி. கடைத்தெரு சொல்லும் போலி. இரும்பிலே வேறுபாடு இல்லாவிடினும் உரையிலே வேறுபாடு உண்டு.

இதிலே ஒரு சிக்கலும் உள்ளது. அசலைச் செய்த நிறுவனமே இன்று மீண்டும் செய்தால் அது எவ்வகை? ஜக்குவார் நிறுவனம் 1963இல் எடை குறைந்த பந்தய வண்டி ஒன்றுக்குப் பதினெட்டு எண்களை ஒதுக்கிப் பன்னிரண்டையே செய்தது. எஞ்சிய ஆறையும் செய்வதாக 2014ஆம் ஆண்டில் அறிவித்தது. 1957 பெப்ரவரி 12ஆம் நாள் அந்நிறுவனத்தின் தொழிற்சாலையில் மூண்ட தீயில், முடிவுறும் நிலையிலிருந்த ஒன்பது வண்டிகள் அழிந்தன. அவற்றுக்கு ஈடாக ஒன்பது செய்வதாக 2016இல் மொழிந்தது. தந்தை வைக்க நினைத்த பெயரைப் பேரன் தன் பிள்ளைக்கு இடுவது போன்றது இது. பெயர் உரியதே, ஆனால் பிறந்த ஆண்டு வேறு. அந்த ஆண்டை மறைக்காத வரையில் அதனைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய பன்னிரண்டோடு ஒரே வரிசையில் நிறுத்தவும் இயலாது.

தகுதி வேறு, தன்மை வேறு

அனைத்துலக மோட்டார்ச் சம்மேளனத்தின் விதிகளைப் படித்தபோது, அவர்கள் இச்சிக்கலை அவிழ்த்த முறை எனக்கு உவப்பாயிருந்தது. பழைய வண்டிகளின் பந்தயத்தில் ஓட விரும்பும் வண்டிக்கு ஒரு தொழில்நுட்பக் கடவுச்சீட்டு வழங்குகின்றனர். இவ்வண்டி தன் பருவத்துக்குரிய அமைப்போடு ஒத்திருக்கின்றது என்பதற்கே அச்சீட்டுச் சான்று. இது அசல் என்பதற்கோ, இதன் வரலாறு மெய் என்பதற்கோ அது சான்றன்று. பருவத்து அமைப்புக்கு முழுதும் ஒத்ததாயின், புதிதாகச் செய்த வண்டியும் அதனைப் பெறக்கூடும். வரலாற்றை மெய்ப்பிப்பதற்கு வேறொரு சான்றிதழ் வைத்துள்ளனர். ‘ஓடத் தகுமா’ என்பது ஒரு வினா. ‘நீ யார்’ என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தபோதுதான் வழக்குப் பெருகிற்று.

பழைய வண்டிகளைப் பேணுதற்கென்றே 1966இல் மற்றோர் அனைத்துலகச் சம்மேளனம் தோன்றிற்று. அது முப்பது ஆண்டு முதிர்ந்து, வரலாற்றுக்கு ஏற்ற நிலையிற் பேணப்பட்டதையே வரலாற்று வண்டி என்கின்றது. அண்டை நாடான இந்தியாவும் 2021ஆம் ஆண்டில் தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவிலே பேணப்பட்டு, சட்டகத்திலும் மேனியிலும் இயந்திரத்திலும் பெருமாற்றம் செய்யப்படாத வண்டிக்கே பழமை வண்டி என்னும் தனிப்பதிவு அங்கே உண்டு. பேணுதலுக்கு அவ்வளவு கடுமை தகும். ஓட்டத்துக்கும் அதே கடுமையை வைத்தால், பென்ட்லியின் கதியை நோக்க, உண்மையாக ஓடிய எந்தப் பந்தய வண்டி தேறும்?

நம் தீவின் கராஜ்களை நினையுங்கள். 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வண்டி இறக்குமதி நெருக்கப்பட்டது. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. புதியது வாராத நாட்டிலே பழையதைச் சாகவிடாமற் காப்பது கலையாகிவிடுகின்றது. ஒரு வண்டியின் கியர்ப் பெட்டியை மற்றொன்றுக்குப் பொருத்துவதும், கிடைக்காத உறுப்பைக் கடைசல் இயந்திரத்திலே கடைந்தெடுப்பதும், நசுங்கிய தகட்டைத் தட்டித் தட்டி முன்னை வளைவுக்குக் கொணர்வதும் இங்குள்ள பாஸ்மாருக்கு அன்றாட வேலை. 1948 முதல் இரண்டு தலைமுறை அறிந்த மொரிஸ் மைனருக்கு, அதன் தாய்நாடான இங்கிலாந்து தகடு தேடித் தவித்தபோது, 1990களில் நம் இலங்கையிலேயே உடற்றகடுகள் செய்து பாத் நகரத்துக்கு அனுப்பினர். அந்தத் தகடு ஏறிய ஆங்கில வண்டி அசலா, நகலா? ‘செப்பனிட்ட அசல்’ என்பதே நேர்மையான விடை. தகடு எங்கே, எப்போது செய்தது என்று கேட்டால் மறைக்காமற் சொல்வதே அவ்விடைக்கு உயிர்.

சான்று யாரிடம்?

இதுவரை கூறியவற்றை ஒப்புக்கொண்டாலும் ஒரு வினா எஞ்சும். அறுபடாத வரலாறு வேண்டும் என்கின்றோம். அவ்வரலாற்றுக்குச் சான்று யாது? பற்றுச்சீட்டு, பதிவேடு, புகைப்படம், பத்திரிகைச் செய்தி. இவற்றைப் பேணி வைத்திருப்பவர் யார்? காகிதத்தை ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் காக்க வசதியுள்ளவர். ஏழையின் வண்டிக்கு வரலாறு இல்லையென்பதன்று. அதனைப் பூட்டி வைக்க அவனுக்குப் பெட்டகம் இல்லை.

மலைநாட்டுத் தமிழனாகிய எனக்கு இவ்விடத்திலே பேனா சிறிது தயங்குகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரிடம் தந்தையின் பிறப்புக்கும் பாட்டனின் பிறப்புக்கும் சான்று கேட்டது. லயத்து அறையிலே பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிந்து வைத்தவர் எத்தனை பேர்? இந்த மலையைக் குடைந்து சாலை வெட்டிய கைகள் இருந்தன, அச்சாலை கண்முன்னே கிடந்தது, காகிதம் இல்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடே அவ்வழக்கு ஒருவாறு முடிவுக்கு வந்தது.

இரும்பையும் மனிதரையும் ஒரே தட்டில் நிறுக்க நான் முற்படவில்லை. வண்டி ஓடாவிட்டால் உடையவனுக்கு ஒரு மனக்குறை. மனிதன் விலக்கப்பட்டாலோ வாழ்வே குறை. ஆயினும் சான்றைப் பற்றிய நியாயம் ஒன்றே. ஆவணம் இல்லாமை வேறு, பொய்யாவணம் செய்தல் வேறு. முன்னது வறுமை அல்லது மறதி, பின்னது குற்றம். முன்னதைப் பின்னதாகக் கருதித் தண்டிக்கும் விதி, எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தாலும், நீதியன்று. பழைய வண்டிகளை ஆராயும் சங்கத்தாரும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. காகிதம் இல்லாதவனைப் பொய்யன் என்று அனுப்பிவிடாமல், இரும்பையும் கேளுங்கள், அறிந்த முதியவரையும் கேளுங்கள். ஏட்டிலே முகவுரை சிதைந்துவிட்டால் நூலை எறிந்துவிடுகின்றோமா? நடையையும் சொல்லையும் பிற ஏடுகளையும் வைத்து ஆராய்ந்து துணிகின்றோம்.

உயிருக்கு மேற்பட்ட அசல் இல்லை

இன்னொன்றும் சொல்லாது விடலாகாது. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை நரிக்குன்றுப் பந்தயத்தில் ஒரு வண்டி தடம் விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உள்பட எழுவர் மாண்டனர். அது பழைய வண்டிகளின் பந்தயமன்று. ஆயினும் பந்தயம் பற்றி இம்மலைநாட்டில் எழுதுவோன் அதனைக் கடந்துசெல்ல இயலாது. பழமையின் பெயரால் சிலர், அன்றைய வண்டியில் இடைப்பட்டி இல்லை, இருப்புக்கூடு இல்லை, ஆதலால் இன்றும் வேண்டா என்பர். அது பழமையைப் போற்றுதலன்று. பழைய சாவுகளை மீண்டும் அரங்கேற்றுதல். ஆழித்தேருக்குப் பிரேக் பூட்டியபோது தியாகேசரின் பெருமை குறைந்ததா? தேரின் அழகும் நின்றது. வடம் பிடிப்போர் உயிரும் காக்கப்பட்டது. பந்தய வண்டியிலும் ஓட்டுநர் உயிரையும் பார்ப்போர் உயிரையும் காப்பதற்கென்று செய்யும் மாற்றம் எதுவும் அசலுக்கு இழுக்காகாது. வேகத்துக்கென்று மறைவாகச் செய்யும் மாற்றமே இழுக்கு.

ஆகவே என் மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இவ்வாறு அமைகின்றது. நகல் வண்டி ஓடலாம். ஆனால் நகல் என்று சொல்லிக்கொண்டு ஓடவேண்டும். அதனைச் செய்த ஆண்டு, ஊர், செய்தவர் பெயர் ஆகியவற்றை அழியாத தகட்டிலே பொறித்து வண்டியில் பதித்தல் வேண்டும். அசலுக்கு ஒரு வகுப்பும் படிக்கு ஒரு வகுப்பும் வைத்துத் தனித்தனியே பரிசளித்தல் வேண்டும்; அப்போது அசலுடையோன் அஞ்சவும் வேண்டா, நகலுடையோன் நாணவும் வேண்டா. ஓடத் தகுமா என்பதை அளவுகோல் தீர்க்கட்டும். நீ யார் என்பதை வரலாறு தீர்க்கட்டும். வரலாற்றைக் கேட்கும்போது காகிதம் ஒன்றையே கேட்டு நிறுத்தாதிருத்தல் வேண்டும். இவ்வெல்லைக்குள் நின்றால் நகல் வண்டி, நிலத்துக்கு நிலன் போல, இலக்கணம் ஒப்பிய போலியாகும். எல்லை கடந்தால் கடைத்தெருப் போலியாகும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இறுதியாக ஒரு வேண்டுகோள். ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே துரைமார் விட்டுச்சென்ற பழைய வண்டிகளும், அவற்றை ஓட்டியவரும், செப்பனிட்ட பாஸ்மாரும் இன்னும் சிலர் உளர். வண்டி துருப்பிடித்தால் வேறொரு தகடு போர்த்தலாம். முதியவர் நினைவு மங்கிவிட்டால் அதற்கு மாற்றுத் தகடு இல்லை. விடுமுறை நாட்களிலே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். எந்த வண்டி எந்த ஆண்டு வந்தது, யார் ஓட்டினார், எந்த உறுப்பு எப்போது மாறியது என்று கேட்டு எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் கீழே குறித்து வையுங்கள். சாமிநாதையர் ஊர்தோறும் நடந்து ஏடு தேடியது முடிந்த கதையென்று எண்ண வேண்டா. நம் மலைநாட்டிலே தேடவேண்டிய ஏடுகள் இன்னும் பல, மனிதர் நாவிலே இருக்கின்றன.